ஆறாம் எண்ணில் ஒரு ஜெர்மன் பையன்: டெட்ராய்டுக்கு அன்றைக்கு இருந்த மூன்று வழிகள்

2019 ஜூன் 21, வான்கூவர் நகரின் ரோஜர்ஸ் அரங்கம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் டிராஃப்ட், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதல் சுற்றில் ஐந்து பெயர்கள் முடிந்துவிட்டன. ஆறாவதாக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் மேடை ஏறுகிறது. பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன் மைக்குக்கு முன்னால் வந்து, ஆட்லர் மன்ஹைம் அணியின் மோரிட்ஸ் சைடர் என்கிறார். கேமரா கூட்டத்துக்குள் தேடிப்போய் அந்தப் பையனைப் பிடிக்கிறது. பதினெட்டு வயது. கண் விரிந்து வாய் திறந்திருக்கிறது. சொன்னது தன் பெயர்தானா என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தச் சில நொடிகளை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

தேர்வான பையனே இப்படித் திகைத்தால் ரசிகர்களைக் கேட்க வேண்டுமா? அன்றிரவே தீர்ப்பு வந்துவிட்டது. பத்து இடம் தள்ளிக் கிடைத்திருக்க வேண்டியவனை ஆறிலேயே எடுத்து, கையில் இருந்த நல்ல எண்ணை வீணாக்கிவிட்டார்கள் என்றார்கள். ஐஸ் ஹாக்கியில் இதை ‘ரீச்’ என்பார்கள். எட்டிப்போய்ப் பறிப்பது.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். சைடர் 2022-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார், அத்தோடு வாதம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. முடிவு நன்றாக வந்ததால் எடுத்த முடிவும் நல்லது என்று சொன்னால் அது குருட்டுக் கணக்கு. அன்று ராத்திரி டெட்ராய்டின் கையில் என்னென்ன வழிகள் இருந்தன, எதை விட்டு எதை எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அடுத்த ஆச்சரியத்தை எடைபோட ஒரு தராசு கிடைக்கும்.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. பணத்தைக் கொட்டி ஆளை எடுக்க முடியாது. அணிகள் வரிசையாக வந்து 18 வயதை ஒட்டிய பையன்களின் உரிமையை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அதிலும் ஒரு குலுக்கல் உண்டு. 2018-19 சீசனில் டெட்ராய்ட் 74 புள்ளிகளோடு கடைசியிலிருந்து நான்காவது. நான்காம் எண் கிடைத்திருக்க வேண்டியது, குலுக்கலில் இரண்டு இடம் சறுக்கி ஆறாம் எண் ஆனது. ஏற்கெனவே ஏமாந்திருந்த ரசிகர்களுக்கு மேலும் ஓர் ஏமாற்றம். அந்த மனநிலையில்தான் சைடர் என்ற பெயர் வந்து விழுந்தது.

முதல் வழி: எல்லாரும் சொல்லும் பெயர்

டிராஃப்டுக்கு முன்னால் பத்திரிகைகளும் ஆள் பார்க்கிறவர்களும் போடும் தரவரிசைப் பட்டியல்கள் சொன்ன பெயர்களில் ஒன்றை எடுப்பதுதான் எளிய வழி. லெத்பிரிட்ஜ் ஹரிகேன்ஸ் அணியின் சென்டர், அதாவது முன்வரிசையின் நடுவில் ஆடும் டிலன் கசன்ஸ் இருந்தார். ட்ரெவர் ஸீக்ரஸ், மாட் போல்டி, கோல் காஃபீல்ட் இருந்தார்கள். இந்த மூவரும் அமெரிக்க இளையோர் தேசிய அணித் திட்டத்தின் பையன்கள். அந்தத் திட்டத்தின் அரங்கம் மிச்சிகனில், பிளிமத் ஊரில் இருந்தது. டெட்ராய்டிலிருந்து காரில் போனால் அரைமணி நேரம். ரெட் விங்ஸ் ரசிகர்கள் பலர் அந்தப் பையன்களை நேரில் பார்த்தவர்கள். காஃபீல்ட் அந்த ஆண்டு 64 ஆட்டங்களில் 72 கோல் போட்டிருந்தான். அந்த ஒரே அணியிலிருந்து எட்டுப் பேர் முதல் சுற்றில் போனார்கள். கண்ணெதிரே வளர்ந்த பயிரை விட்டுவிட்டு அட்லாண்டிக் தாண்டிப் போய் ஒருவனைக் கூட்டிவந்தால் வயிறு எரியாதா?

உள்ளூர்ப் பையன் மேல் டெட்ராய்டுக்கு ஆசை புதிதல்ல. 1983 டிராஃப்டில் மிச்சிகனில் வளர்ந்த பாட் லாஃபாண்டெய்ன் வேண்டும் என்றுதான் ரெட் விங்ஸ் ஏங்கியது. அவர் மூன்றாம் எண்ணில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குப் போய்விட்டார். சரி என்று நான்காம் எண்ணில் வேறொருவனை எடுத்தார்கள். அந்த வேறொருவன்தான் ஸ்டீவ் ஐசர்மன். 22 சீசன் ஒரே அணிக்கு ஆடி, கேப்டனாக 1997, 1998, 2002 என்று மூன்று முறை என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். மேடையில் நின்று சைடர் பெயரைச் சொன்ன மனிதருடைய கதையே இப்படித் தொடங்கியது என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பட்டியலில் இருப்பவனை எடுப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. தப்பானாலும் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். எல்லாரும்தானே தப்பாகச் சொன்னோம் என்று விட்டுவிடுவார்கள். வேலைக்கு வந்து இரண்டே மாதம் ஆன பொது மேலாளருக்கு இது சின்ன வசதி இல்லை.

இரண்டாம் வழி: பின்னால் நகர்ந்து அதே பையன்

ரீச் என்று திட்டுபவர்கள் உண்மையில் கேட்பது இதைத்தான். சைடர் வேண்டுமென்றால் எடுத்துக்கொள், ஆனால் ஆறாம் எண்ணை வேறு அணிக்குக் கொடுத்து, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ போய் எடு, நடுவில் ஒரு கூடுதல் தேர்வும் கிடைக்குமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் இதில்தான் அதிக நேரம் நின்றேன், ஏனென்றால் ரீச் என்ற குற்றச்சாட்டே இந்த ஒரு காலில்தான் நிற்கிறது.

இதற்கு விலை என்ன என்பதை அன்று ராத்திரியே பார்க்க முடிந்தது. பிலடெல்ஃபியா தன்னுடைய 11-ஆம் எண்ணை அரிசோனாவுக்குக் கொடுத்து, 14-ஐயும் 45-ஐயும் வாங்கியது. மூன்று இடம் பின்னால் போனதற்கு இரண்டாம் சுற்றில் ஒரு தேர்வு. இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் என்ஹெச்எல்லில் நிலையான இடம் பிடிப்பதில்லை. அதாவது லாபம் உண்டு, ஆனால் அது ஒரு லாட்டரிச் சீட்டு அளவு லாபம்.

நஷ்டத்துக்கான வாய்ப்பைப் பாருங்கள். அரிசோனா எதற்காக 11-க்கு ஏறி வந்தது? விக்டர் சோடர்ஸ்ட்ரம் என்ற ஸ்வீடன் பையனை எடுக்க. அவனும் சைடர் மாதிரியே டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டக்காரன், அவனும் ஸ்டிக்கை வலப்பக்கம் வைத்து ஆடுகிறவன். ஐஸ் ஹாக்கியில் இடப்பக்கம் ஆடுகிறவர்கள்தான் அதிகம். வலப்பக்கம் ஆடும் நல்ல டிஃபென்ஸ்காரன் எப்போதும் கிராக்கி. சைடரும் அந்த வகைதான், 193 சென்டிமீட்டர் உயரம் வேறு. சோடர்ஸ்ட்ரமுக்கே விலை கொடுத்து ஓர் அணி ஏறிவந்த ராத்திரியில், சைடர் பதினொன்று வரை அப்படியே கிடப்பார் என்று யார் உறுதி கொடுப்பது?

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது எட்டாம் எண். அது எட்மன்டனுடையது. அங்கே பொது மேலாளர் கென் ஹாலண்ட். அவர் யார்? அந்த ஏப்ரல் வரைக்கும் டெட்ராய்டின் பொது மேலாளர். ஐசர்மன் வந்ததும் பதவி மாறி, மே மாதத்தில் எட்மன்டனுக்குப் போனவர். அந்தக் குளிர்காலம் முழுக்க டெட்ராய்டின் ஆள் பார்க்கிறவர்கள் ஐரோப்பாவில் எழுதிய குறிப்புகள் அவர் மேசைக்குத்தான் போயிருக்கும். அவர் அன்று எட்டாம் எண்ணில் எடுத்தது யாரை? ஃபிலிப் புரோபெர்க் என்ற ஐரோப்பிய டிஃபென்ஸ்காரரை. சைடர் மிச்சமிருந்தால் அவரை எடுத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஐசர்மன் இடத்தில் நான் இருந்திருந்தால் எட்டைத் தாண்டிப் பின்னால் போகத் துணிந்திருக்க மாட்டேன்.

ஆக, இரண்டாம் வழி காகிதத்தில் திறந்திருந்த வழி. நிஜத்தில் அது ஏழாம் எண் வரைதான் பாதுகாப்பு, ஓர் இடம் நகர்வதற்கு யார் என்ன தருவார்கள்?

மூன்றாம் வழி: கண்ணால் கண்டதை நம்புவது

சைடரின் எண்களைப் பார்த்தால் யாருக்கும் ஆறாம் எண் நினைவுக்கு வராது. ஜெர்மன் லீகில் 29 ஆட்டம், 2 கோல், 4 அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிசெய்த பாஸ். இரண்டையும் கூட்டினால் மொத்தம் ஆறு புள்ளி. இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் என்ஹெச்எல்லின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பிரிவு அவரை ஐரோப்பிய ஆட்டக்காரர்களில் ஆறாவதாக வைத்திருந்தது. வட அமெரிக்கர்களுக்குத் தனிப் பட்டியல் என்பதால், இரண்டையும் சேர்த்தால் முதல் சுற்றின் நடுப்பகுதிக்கு வரும். பத்திரிகைகளின் கணிப்பும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

ஆனால் அந்த ஆறு புள்ளியை எங்கே எடுத்தார் என்று பார்க்க வேண்டும். காஃபீல்ட் 72 கோல் போட்டது பெரும்பாலும் தன் வயதை ஒட்டிய பையன்களுக்கு எதிராக. சைடர் ஆடியது தாடி வைத்த ஆண்களுக்கு எதிராக, முப்பது வயது தாண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிராக. அந்த சீசனின் பெரும்பகுதியில் அவருக்கு வயது 17. மன்ஹைம் அந்த ஆண்டு சாம்பியன். இறுதிப் போட்டித் தொடர் உட்பட 14 பிளேஆஃப் ஆட்டங்களில் அவர் களத்தில் இருந்தார். கோப்பைக்கு ஆடும் ஓர் அணியின் பயிற்சியாளர், பதினெட்டு நிரம்பியும் நிரம்பாத பையனை டிஃபென்ஸில் நிறுத்துகிறார் என்றால், அது எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு மதிப்பெண். லீகின் சிறந்த புதுமுகமும் அவர்தான். மே மாதம் ஸ்லோவாக்கியாவில் நடந்த பெரியவர்களின் உலகக் கோப்பையிலும் ஜெர்மனிக்கு ஆடிக் கோல் போட்டார்.

டிஃபென்ஸ்காரனைப் புள்ளியால் அளக்க முடியாது என்பது ஹாக்கி பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வது, ஆனால் பட்டியல் போடும்போது மறந்துவிடுவது. எதிரணி ஆள் பக்கோடு (ஆடும் ரப்பர் வட்டோடு) வேகமாக வரும்போது அவனோடு பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, நடுவழியை அடைத்து, பலகைச் சுவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது. அவன் தடுமாறும் அந்த ஒரு நொடியில் தோளால் மோதி பக்கைப் பிரிப்பது. தலையைத் தூக்கி முதல் பாஸை நேராகத் தன் சென்டரின் ஸ்டிக்கில் வைப்பது. இந்த மூன்றுக்கும் புள்ளிப் பட்டியலில் பூஜ்யம். சைடரின் பழைய மன்ஹைம் ஆட்டத் துண்டுகளைப் பார்த்தால் இதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

டெட்ராய்டுக்கு ஐரோப்பாவில் பார்க்கிற கண் இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். ஹோகன் ஆண்டர்சன் பல பத்தாண்டுகளாக அவர்களுக்காக ஐரோப்பாவில் ஆள் பார்த்த ஸ்கவுட். 1998-இல் 171-ஆம் எண்ணில் பாவெல் டட்சூக், 1999-இல் 210-ஆம் எண்ணில் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் என்று எடுத்த குழு அது. அங்கிருந்து ஒரு பெயர் உரக்க வந்தால் காது கொடுக்காமல் இருப்பதுதான் பிழை.

அதே அணி, அதே எண், ஓராண்டுக்கு முன்

ரீச்சா இல்லையா என்று வாதாடுபவர்களிடம் நான் முதலில் காட்டுவது 2018-ஐ. டல்லாஸில் நடந்த அந்த டிராஃப்டிலும் டெட்ராய்டுக்கு ஆறாம் எண்தான். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். ஏனென்றால் மூன்றிலோ நான்கிலோ போவான் என்று எதிர்பார்த்த ஃபிலிப் ஸடினா ஆறு வரை வந்துவிட்டான். ஹாலிஃபாக்ஸ் மூஸ்ஹெட்ஸுக்கு 57 ஆட்டத்தில் 44 கோல் போட்ட செக் பையன். வானத்திலிருந்து விழுந்த பரிசு என்றார்கள். தன்னை விட்ட அணிகளின் வலையை பக்கால் நிரப்புவேன் என்று அவனே சொன்னது ரசிகர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஸடினா டெட்ராய்டுக்கு 190 ஆட்டம் ஆடினார், 28 கோல். 2023 கோடையில் இருதரப்பும் ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தை முறித்தார்கள். அதற்காக அவர் விட்டுக்கொடுத்த தொகை 45 லட்சம் டாலருக்கும் மேல். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே கிடையாது. பணத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஆடிப்பார்க்கிறேன் என்று கிளம்பியவனை மதிக்கத்தான் தோன்றுகிறது. அப்புறம் சான் ஹோசேயில் ஓராண்டு ஆடிவிட்டு சுவிட்சர்லாந்துக்குப் போனார்.

ஸடினாவுக்கு அடுத்து ஏழாம் எண்ணில் வான்கூவர் எடுத்தது குவின் ஹியூஸை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஆன் ஆர்பரில் ஆடிக்கொண்டிருந்த பையன். டெட்ராய்டிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத் தூரம். உயரம் குறைவு என்று சிலர் தயங்கினார்கள். 2024-இல் லீகின் சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நாரிஸ் கோப்பை அவருக்குத்தான் போனது.

இதை வைத்து ‘பார், பட்டியல் பொய், தைரியம்தான் வெல்லும்’ என்று சொல்ல வரவில்லை. ஸடினாவை எடுத்தது அன்றைய நிலையில் நியாயமான முடிவு. நானும் எடுத்திருப்பேன். நான் பார்ப்பது வேறு. ஸடினாவை எடுத்தபோது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சைடரை எடுத்தபோது எல்லாரும் கேட்டார்கள். இரண்டு தேர்வுக்கும் ஒரே எண், ஒரே விலை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் விசாரணை. இந்த ஓரவஞ்சனைதான் எனக்கு உறுத்துகிறது. பட்டியலிலிருந்து விலகியவன் விளக்கம் சொல்ல வேண்டும் என்றால், பட்டியலோடு போனவனும் சொல்லத்தான் வேண்டும்.

தேவைக்காக எட்டுவது

அதே 2018-இல் இன்னோர் ஆச்சரியமும் நடந்தது, அது மூன்றாம் எண்ணில். மான்ட்ரியல் கனேடியன்ஸ், ஃபின்லாந்தின் யெஸ்பெரி கோட்கனியெமியை எடுத்தது. அடுத்த எண்ணிலேயே பிராடி கச்சக் போனார், ஏழில் ஹியூஸ். மான்ட்ரியலுக்குப் பல ஆண்டாக நல்ல சென்டர் இல்லை. ஊரே சென்டர், சென்டர் என்று கத்திக்கொண்டிருந்தது. கோட்கனியெமி சென்டர். ஏப்ரலில் 18 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபின்லாந்து தங்கம் வாங்கியபோது நன்றாக ஆடி, கடைசி மாதங்களில் மளமளவென்று மேலே ஏறி வந்தவர்.

சைடரும் கோட்கனியெமியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. இரண்டு பேரும் ஐரோப்பியர்கள், ஆண்களோடு ஆடியவர்கள், கடைசியில் ஏறியவர்கள், எதிர்பார்த்ததைவிட முன்னால் போனவர்கள். பிறகு ஏன் ஒருவர் அணியின் தூணானார், மற்றவர் மூன்றே ஆண்டில் மான்ட்ரியலை விட்டுப் போனார்?

ஒரு காரணம், எடுத்த நோக்கம். காலியாக இருக்கும் நாற்காலிக்கு ஆள் தேடும்போது, வந்தவனின் அளவை நாற்காலியின் அளவுக்கு ஏற்றி மதிப்பிட்டுவிடுகிறோம். பதினெட்டு வயதுப் பையன் முழு ஆட்டக்காரனாக மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் அணியின் தேவை தலைகீழாக மாறியிருக்கும். டெட்ராய்டுக்கும் வலப்பக்க டிஃபென்ஸ் தேவைப்பட்டது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் 2019-இல் அவர்களுக்குத் தேவைப்படாத இடம் எது? அணி முழுவதையுமே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த சீசனில் 71 ஆட்டத்தில் 17 வெற்றிதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது என்று நினைக்கிறேன், அது டிராஃப்டுக்குப் பிறகு நடந்தது. மான்ட்ரியல் கோட்கனியெமியை அந்த அக்டோபரிலேயே என்ஹெச்எல்லில் இறக்கிவிட்டது. முதல் ஆண்டு 79 ஆட்டத்தில் 34 புள்ளி, ஊர் மகிழ்ந்தது. அடுத்த ஆண்டே தடுமாறி, லவாலில் உள்ள கீழ்மட்ட அணிக்குப் போக வேண்டியதாயிற்று. சைடரை டெட்ராய்ட் அவசரப்படுத்தவில்லை. முதல் ஆண்டு தன்னுடைய கீழ்மட்ட அணியான கிராண்ட் ராபிட்ஸில் 49 ஆட்டம். இரண்டாம் ஆண்டு கொரோனாவால் என்ஹெச்எல் தாமதமானபோது ஸ்வீடனின் ரோக்லே அணிக்கு அனுப்பினார்கள். அங்கே 41 ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்து ஸ்வீடிஷ் லீகின் சிறந்த டிஃபென்ஸ்காரர் ஆனார். 2021 உலகக் கோப்பையில் சிறந்த டிஃபென்ஸ்காரர் விருதும் வந்தது. அதற்குப் பிறகுதான் டெட்ராய்ட் சட்டை. 82 ஆட்டம், 7 கோல், 43 அசிஸ்ட். 1965-இல் கோல்கீப்பர் ரோஜர் குரோஸியருக்குப் பிறகு ரெட் விங்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால்டர் கோப்பை கிடைத்தது அப்போதுதான்.

ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. கோட்கனியெமியும் இரண்டு ஆண்டு ஃபின்லாந்தில் ஆடிவிட்டு வந்திருந்தால்? அப்போது அந்த மூன்றாம் எண்ணை ரீச் என்று சொல்லியிருப்போமா? தேர்வின் பழியையும் வளர்ப்பின் பழியையும் பிரிக்காமல் ஒரே மூட்டையாக ஆள் பார்த்தவர்கள் தலையில் ஏற்றுவது சரியில்லை. 2021 ஆகஸ்டில் கரோலினா அவருக்கு 61,00,015 டாலர் ஒப்பந்தம் நீட்டியது, மான்ட்ரியல் அதற்கு ஈடுகொடுக்காமல் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது.

எடுத்ததுதான் பிழை என்று தயங்காமல் சொல்லக்கூடியது 2007-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் நான்காம் எண்ணில் தாமஸ் ஹிக்கியை எடுத்தது. அவர் கிங்ஸுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2013-இல் ஐலண்டர்ஸ் அவரைச் சும்மா எடுத்துக்கொண்டது, அங்கே பல ஆண்டு உருப்படியாக ஆடினார், மோசமான ஆட்டக்காரர் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஜாக்குப் வோராச்செக், லோகன் கூடூர், ரயன் மெக்டோனா போனார்கள். அந்த ராத்திரி அவரைத் தட்டிக்கொண்டு போக அடுத்த சில எண்களில் யாரும் காத்திருந்ததற்கான தடயமும் எனக்குத் தென்படவில்லை. பின்னால் நகரும் வழி நிஜமாகவே திறந்திருந்த தேர்வு அது.

போல்டியை எடுத்திருந்தால்?

நேர்மையாக இதையும் பார்க்க வேண்டும். மினசோட்டா 12-ஆம் எண்ணில் எடுத்த போல்டி 2024-25-இல் 73 புள்ளி எடுத்தார். 15-ஆம் எண்ணில் மான்ட்ரியலுக்குப் போன காஃபீல்ட் அதே சீசனில் 37 கோல். டெட்ராய்ட் கோல் போட ஆளில்லாமல் தவித்த இரவுகளில் இந்தப் பெயர்கள் ரசிகர்களுக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. கசன்ஸையும் ஸீக்ரஸையும் 2025-இல் அவர்களுடைய அணிகளே வேறு ஊருக்கு மாற்றிவிட்டன. ஆக, பட்டியல் சொன்ன பெயர்களிலும் பாதி இனித்தது, பாதி புளித்தது.

என் கணக்கில் சைடர்தான் முன்னால் நிற்கிறார். 2024-25 முடிய நான்கு சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தவறவில்லை, மொத்தம் 328. எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக ஒவ்வோர் இரவும் நிறுத்தப்படுகிறார். 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 85.5 லட்சம் டாலர் கணக்கில் ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஆனாலும் போல்டியோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். அன்று போல்டியை எடுத்திருந்தாலும் டெட்ராய்ட் கெட்டுப்போயிருக்காது. அதே நேரம் சைடர் வந்தும் 2016-க்குப் பிறகு 2025 வரை அந்த அணி பிளேஆஃப் பார்க்கவில்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான பெயர் சோடர்ஸ்ட்ரம். அதே ராத்திரி, அதே வகை ஆட்டக்காரர், அதே மாதிரி நம்பிக்கை. அரிசோனா விலை கொடுத்து ஏறிப்போய் எடுத்தது. என்ஹெச்எல்லில் நிலைக்க முடியாமல் ஸ்வீடனுக்குத் திரும்பினார். கண்ணால் கண்டதை நம்புவது எப்போதும் பலிக்கும் என்றால் இவரும் பலித்திருக்க வேண்டும். எதைக் கண்டார்கள், எந்த மட்டத்து ஆட்டத்தில் கண்டார்கள், எத்தனை வருடப் பழக்கமுள்ள கண் அது என்பதெல்லாம் சேர்ந்துதான் நம்பிக்கைக்கு எடை.

அனஹைமின் மூன்றாம் எண்

இந்தத் தராசை இப்போது எதில் வைத்துப் பார்ப்பது? 2024 ஜூன் 28, லாஸ் வேகஸின் ஸ்ஃபியர் அரங்கம். மூன்றாம் எண்ணில் அனஹைம் டக்ஸ், பெக்கெட் செனக்கி என்று சொன்னது. மறுபடியும் அதே முகம்! கண் விரிந்து, வாய் திறந்து, தன்னைத்தான் கூப்பிட்டார்களா என்ற திகைப்பு. சைடரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அனஹைமின் பொது மேலாளர் பாட் வெர்பீக், டெட்ராய்டில் ஐசர்மனுக்குக் கீழே துணைப் பொது மேலாளராக இருந்தவர். ஓராண்டு முன்னால் 2023-இல் இரண்டாம் எண்ணில் எல்லாரும் ஆடம் ஃபான்டிலி என்று நினைத்தபோது லியோ கார்ல்சனை எடுத்தவரும் அவரே.

செனக்கியை எடுத்தபோது விட்டது யாரை? இவான் டெமிடோவை. பல பட்டியல்களில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்த ரஷ்யப் பையன். ஐந்தாம் எண்ணில் மான்ட்ரியலுக்குப் போனார், 2025 ஏப்ரலில் முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் ஓர் அசிஸ்டும் எடுத்தார். செனக்கி ஓஷாவா ஜெனரல்ஸுக்கு சீசன் முடிவில்தான் சூடுபிடித்தவர். பிளேஆஃபில் 16 ஆட்டம், 10 கோல். டிராஃப்டுக்கு அடுத்த ஆண்டு 56 ஆட்டத்தில் 86 புள்ளி. ஆனால் எல்லாம் பையன்களுக்கு எதிரான ஆட்டம்தான். சைடருக்கு இருந்த ஆண்களோடு மோதிய சாட்சி இவருக்கு அன்றைக்கு இல்லை. அந்த ஓர் இடத்தில் அனஹைமின் துணிச்சல் டெட்ராய்டினுடையதைவிடப் பெரியது.

பின்னால் நகர்ந்திருக்கலாமா என்றால், மூன்றிலிருந்து ஐந்துக்கோ ஆறுக்கோ நகர வழி இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். எட்டாம் எண்ணில் கென் ஹாலண்ட் உட்கார்ந்திருந்தது போன்ற மிரட்டல் எதுவும் இங்கே வெளியில் தெரியவில்லை. இதில் அனஹைமுக்கு நான் குறைத்துத்தான் மதிப்பெண் போடுவேன். ஆனால் டெமிடோவோடு மட்டும் வைத்துப் பார்ப்பதும் நியாயமில்லை. நான்காம் எண்ணில் கொலம்பஸ் எடுத்த கேடன் லிண்ட்ஸ்ட்ரமும் பட்டியல் சொன்ன பெயர்தான். முதுகு அறுவை சிகிச்சையால் அடுத்த சீசனில் பெரும்பகுதியை இழந்தார். பட்டியலோடு போயிருந்தால் டெமிடோவ்தான் கிடைத்திருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சைடரின் ஆறாம் எண்ணுக்கு மூன்று ஆண்டு பொறுத்தோம். செனக்கிக்கும் குறைந்தது அதைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை டெமிடோவ் ஸ்டிக்கின் நுனியில் பக்கை வைத்து இரண்டு பேரைச் சுற்றிப்போகும் ஒவ்வோர் இரவும் அனஹைம் ரசிகர்களுக்கு வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்யும். 2019-இல் பிளிமத் அரங்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து காஃபீல்டைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் எரிந்தது.